புதுச்சேரி, கடலூர் நடன ஆசிரியர்களுக்கு ஒரு மாணவியின் மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கடந்த வாரம் புதுச்சேரியில் நடந்த தற்கால நடன நிகழ்ச்சியை நானும் பார்த்தேன். ஒரே ஒருவர் ஆடிய நிகழ்ச்சி. முடிந்ததும் வாசலில் ஆசிரியர்கள் சிலர், "கதை இல்லை, முகபாவம் இல்லை, இதெல்லாம் நாட்டியமா? பிள்ளைகளை இனி இதுக்கு அனுப்பக் கூடாது" என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். பெரியவர்கள் பேச்சில் குறுக்கிட மனம் வரவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அவர் சலங்கை கட்டவில்லை. தாளம் தட்டி, தாளச் சொற்களான ஜதி சொல்லும் நட்டுவாங்கமும் இல்லை. முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிய அரைமண்டியில் நின்றவர், குதிகால் மேல் உட்காரும் முழுமண்டிக்கு இறங்கத் தொடங்கினார். நாம் ஒரு தாளத்தில் உட்கார்ந்து எழுந்துவிடுகிறோமே, அதற்கு அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பாதியில் தொடை நடுங்கியது. மூச்சு வாங்குவது எங்கள் வரிசை வரை கேட்டது. வகுப்பில் அப்படி நடுங்கினால் தாளம் தட்டும் தட்டுக்கழி ஓங்கி விழும். சிரித்த முகத்தோடு மறைக்கப் பழகியிருக்கிறோம். அவர் மறைக்கவில்லை. உடம்பின் பாரம் இடுப்பிலிருந்து முட்டிக்கும், முட்டியிலிருந்து பாதத்துக்கும் எப்படி இறங்குகிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வெகுநேரம் தரையில் மல்லாந்து கிடந்து அவர் எழுந்தபோது, கறுப்பு விரிப்பில் முதுகின் வியர்வை அப்படியே பதிந்திருந்தது.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். பின்பாதியில் திரையில் ஓடிய படங்கள் தேவையே இல்லை. அவர் உடம்பைப் பார்க்கவிடாமல் கண்ணை இழுத்தன.

ஆனால் கதை இல்லை என்பதை மட்டும் குறையாகச் சொல்லாதீர்கள். நீங்கள் எங்களுக்கு முதலில் கற்றுத்தரும் உருப்படி அலாரிப்பு. அதில் என்ன கதை இருக்கிறது? கண், கழுத்து, தோள் என்று உடம்பு ஒவ்வொன்றாக விழிக்கிறது, அவ்வளவுதான். சிதம்பரம் கோயில் கோபுர வாசலின் உட்சுவர்களில் இருக்கும், கரணம் என்ற நடன நிலைகளின் சிற்பங்களைப் பாருங்கள். லலாட திலகம் என்ற கரணத்தில் கால் நெற்றி வரை போகிறது. அந்த உடம்புகள் வளைகிற மாதிரி இன்று நம் வகுப்பில் யார் வளைகிறோம்? அன்று மேடையில் அவர் வளைந்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தச் சுவர்தான்.

மரபு கெட்டுவிடும் என்ற பயம் புரிகிறது. ஆனால் நாம் மேடையில் ஆடும் உருப்படிகளின் வரிசையான மார்க்கத்துக்கே 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள்தான் ஒழுங்கு கொடுத்தார்கள். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்ற நடனக் கலைஞர் சந்திரலேகா, 1985இல் 'அங்கிகா' என்ற தன் நடனப் படைப்பில் அதே பரதத்தோடு களரி என்ற போர்க்கலையையும் யோகாவையும் சேர்த்தார். அதனால் பரதம் குறைந்துபோகவில்லை. அரைமண்டியின் பலத்தை வேறு பக்கத்திலிருந்து பார்க்க வழி கிடைத்தது.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை இப்படி ஒரு நிகழ்ச்சி வந்தால் எங்களை அழைத்துப் போங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று மறுநாள் வகுப்பில் எங்களோடு பேசுங்கள். ஒரு நாளாவது ஜதி சொல்லாமல், முழுமண்டிக்கு மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் முட்டி உள்ளே சாய்கிறது, எங்கே குதிகால் தடுமாறுகிறது என்று பார்த்துத் திருத்துங்கள். அதைச் சொல்லித்தர உங்களை விட்டால் எங்களுக்கு ஆள் இல்லை.

பணிவுடன்,
ஒரு பரதநாட்டிய மாணவி