குரங்குக்குத் துணை

அன்புள்ள கண்ணனுக்கு,

போன வாரம் வந்தபோது ஊஞ்சலில் விட்டுவிட்டுப் போன புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன். யோஷிஹிரோ தட்சுமி வரைந்த சிறுகதைகள். ஜப்பான்காரர்கள் வலமிருந்து இடமாகப் படிப்பார்கள் என்று சொல்வாயே, இது நம் வழக்கப்படிதான் திறந்தது. ஆங்கிலத்துக்காக மாற்றி அமைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

படக்கதைதானே என்று அலட்சியமாக எடுத்தேன். அன்று மத்தியானச் சோறு ஆறிப்போனது. இந்த மனிதர் 1957-லேயே தன் கதைகளை மங்கா (ஜப்பானில் படக்கதைக்கு வழக்கமான பெயர்) என்று சொல்ல மனமில்லாமல், நாடகத்தன்மை கொண்ட படம் என்ற பொருளில் 'கெகிகா' என்று பெயர் வைத்துக்கொண்டவராம். வைத்ததில் தவறே இல்லை. இதைக் குழந்தைகள் கையில் கொடுக்க முடியுமா? கதைகளை வரைந்தது 1970-இல். அவர் பிறந்த ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்த ஆண்டு அது. ஊரெல்லாம் திருவிழா, இவர் கதைகளிலோ ஒற்றை அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஆண்கள். பாதிப் பேருக்கு ஒரே முகம். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை முகம் நமக்கு நினைவிருக்கிறது என்று தோன்றியது.

அந்தக் குரங்குக் கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆலைத் தொழிலாளி ஒருவன் அறையில் ஒரு குரங்கை வளர்க்கிறான். அவனுக்கு இருக்கும் ஒரே துணை அதுதான். இயந்திரத்தில் கை போன பிறகு வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. மிருகக்காட்சிசாலையில் மற்றக் குரங்குகளோடு விட்டுவிடுகிறான். தன் இனத்தோடு சேர்ந்து சந்தோஷமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அவை அதைக் கடித்துக் குதறிவிடுகின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாயை வேறு குடியிருப்பில் கொண்டுபோய் வைக்கும் மகனின் கதை இருக்கிறதே, அந்தப் பக்கத்தில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. மூத்த குடிமக்கள் குடியிருப்பின் விளம்பரம். மறந்து வைத்தாயா, நான் பார்க்கட்டும் என்று வைத்தாயா? உன்னைப் பெற்றவள் நான். இரண்டாவதுதான்.

கதைக்குப் பின்னால் ஒரு பழங்கதையும் இருக்கிறது. வயதானவர்களை முதுகில் சுமந்துபோய் மலையில் விட்டுவருவார்களாம். ஜப்பானின் நாகானோ பகுதியில் 'கிழவியைக் கைவிடும் மலை' என்ற பொருள்படும் பெயரிலேயே ஒரு மலை உண்டு. ஒருத்தி போகிற வழியெல்லாம் சுள்ளியை ஒடித்துப் போட்டுக்கொண்டே போகிறாள். எதற்கு என்று கேட்டால், திரும்பும்போது மகனுக்கு வழி தவறிவிடக் கூடாதாம். இதைப் படித்துவிட்டு அழுதேன் என்று நினைக்காதே. கோபம்தான் வந்தது. அவளைக் கேட்டா மலைக்குக் கூட்டிப்போனான்? நீயும் தாளை ஒளித்து வைக்காமல் வாய் திறந்து கேட்டிருக்கலாம்.

இந்த வீட்டில் இரவு தனியாக மாடிப்படி ஏற எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போ, இடத்தைப் பார்க்கிறேன். துணைக்கு ஆள் இருக்கும் என்று மட்டும் சொல்லாதே. குரங்குக்கும் அதைத்தான் சொன்னார்கள். தாளில் நீச்சல்குளத்தின் படம் இருக்கிறது, சமையலறையின் நீள அகலம் இல்லை. கேட்டு வை. அம்மியை விட்டுவிட்டு வர மாட்டேன்.

அம்மா