மணலைச் சமன்செய்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 1995 டிசம்பர் 18 முதல் 27 வரை நம் சென்னை நகரம் ஏழாவது தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டியை நடத்தியது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு என்று ஏழு நாடுகள் வந்தன. ஆங்கிலத்தில் இன்னும் மெட்ராஸ் என்றே எழுதிய காலம் அது. பதக்கம் வென்றவர்களுக்கு அன்றே மேடையில் மரியாதை நடந்தது. பந்தல் போட்டவரையும் பாத்திரம் விளக்கியவரையும் தாம்பூலம் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் கிடையாது. முப்பது ஆண்டு தாமதமாக வரும் அந்தத் தாம்பூலம்தான் இந்த மடல்.

நான் அப்போது வடசென்னைப் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியர். நேரு விளையாட்டரங்கில் நீளம் தாண்டுதல் குழியருகே நின்ற நடுவர்களுள் ஒருவன்.

முதல் நன்றி மணல் வாரிய மாணவர்களுக்கு. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு வீரர் ஓடுவது தெரியும், தாண்டுவது தெரியும், பிறகு பலகையில் தூரம் தெரியும். இடையில் குழிக்குள் நடக்கும் வேலை தெரியாது. மணல் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் விழுந்த தடத்தின் விளிம்பு சரிந்து, எந்த இடத்திலிருந்து அளப்பது என்பதே வழக்காகிவிடும். மணலின் மட்டமும் தாண்டுபலகையின் மட்டமும் ஒத்திருக்க வேண்டும். அளந்து முடித்து நடுவர் தலையசைக்கும் வரை தடத்தின் மீது கை படக் கூடாது. அசைத்த பிறகு ஒரு நொடியும் வீணாகக் கூடாது, ஏனென்றால் அடுத்தவர் ஓடுதளத்தின் மறுமுனையில் காத்திருப்பார். வாளித் தண்ணீரும் வாரியும் மட்டப்பலகையுமாக அந்தப் பிள்ளைகள் இதை வெயிலில் செய்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் கை முந்தியதால் அழிந்த தடம் ஒன்றுகூட இல்லை. பெரிய போட்டிகளில் பயிற்சி பெற்ற பெரியவர்களே இதில் தடுமாறுவதைப் பின்னாளில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பெரியமேட்டுத் தோல்பட்டறைத் தொழிலாளி ஒருவர். அந்நாளில் தாண்டுபலகையை ஒட்டி அப்பால், களிமண் போன்ற பிளாஸ்டிசின் பூசிய சட்டம் ஒன்று இருக்கும். காலணியின் நுனி அதில் பதிந்தால் நடுவர் சிவப்புக் கொடியை உயர்த்துவார்; அந்த முயற்சி செல்லாது. பதிந்த தடத்தை உடனே தேய்த்து வழவழப்பாக்கினால்தான் அடுத்தவருக்கு நியாயம் கிடைக்கும். எங்களிடம் இருந்த கரண்டி அதற்குச் சரிப்படவில்லை. பயிற்சி நாளில் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த அந்த மனிதர் நிலைமையைப் புரிந்துகொண்டு, தோல் சீவும் அகலக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். போட்டி முடியும் வரை அந்தக் கத்திதான் வேலை செய்தது. அவர் பெயரைக் கேட்டுக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

காற்றளவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவியையும் சொல்ல வேண்டும். தாண்டுபலகைக்கு 40 மீட்டர் முன்னால் உள்ள குறியை வீரர் கடந்த கணத்திலிருந்து ஐந்து நொடிக்குக் காற்றை அளக்க வேண்டும். பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்தத் தூரம் போட்டிக்குச் செல்லும், சாதனைப் பட்டியலுக்குச் செல்லாது. சென்னைக் கடற்காற்றுக்கு இந்த விதியெல்லாம் தெரியுமா என்ன! தோழிகள் எல்லாரும் ஓட்டப்பந்தயத்தைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தலைமையாசிரியர்களே, உங்களுக்கும் நன்றி. டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வு. அந்த நேரம் பார்த்து நகரின் உடற்கல்வி ஆசிரியர்களில் பலர் களத்துக்கு வந்துவிட்டோம். எங்கள் தேர்வறைக் கண்காணிப்பை ஏற்றுக்கொண்ட சக ஆசிரியர்கள் விடைத்தாள் கட்டுகளையும் சேர்த்தே சுமந்தார்கள். கணக்கு ஆசிரியர் ஒருவர் மட்டும் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். சொல்லட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது.

ஒரே விளையாட்டின் போட்டியை நடத்துவது வேறு, பல விளையாட்டுகளைப் பத்தே நாளில் நடத்துவது வேறு. ஓர் அணி வேளச்சேரி நீச்சல் குளத்துக்குப் போகும்போது இன்னோர் அணி எழும்பூர் ஹாக்கி அரங்கில் இருக்கும். மார்கழிக் கச்சேரிக்குப் போகிறவர்களும் கிறிஸ்துமஸ் கடைக்குப் போகிறவர்களும் அதே சாலைகளில்தான் போவார்கள். பல்லவன் நகரப் பேருந்துகளின் ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் போக்குவரத்துக் காவலர்களுக்கும் அந்தப் பத்து நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. அந்த நவம்பரில்தான் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. எங்களில் சிலரை அது காப்பாற்றியது.

மொழிக்கு என்ன செய்வது என்ற கவலை எங்களுக்கு இருந்தது. விடை அரங்கத்தின் வாசலிலேயே கிடைத்தது. பெரியமேட்டிலும் திருவல்லிக்கேணியிலும் வீட்டில் உருது பேசுகிறவர்கள் பாகிஸ்தான் வீரர்களுக்கு வழிகாட்டினார்கள். சௌகார்பேட்டைக் கடைக்காரர்களின் இந்தி நேபாள அணிக்குப் போதுமானதாக இருந்தது. மாலத்தீவின் திவேஹி மட்டும் யாருக்கும் தெரியாது. அங்கே கைச்சாடையும் சிரிப்பும் கொஞ்சம் ஆங்கிலமும் சமாளித்தன. இந்த உதவிக்கு யாரும் படிவம் நிரப்பவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை.

இலங்கை அணியைப் பற்றித் தனியாக ஒரு வரி. அந்த டிசம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்துகொண்டிருந்த செய்திகள் பல தமிழ் வீடுகளின் உறக்கத்தைக் கெடுத்திருந்தன. ஆயினும் எங்கள் குழிக்கு எதிர்மாடத்தில் இருந்தவர்கள், இலங்கை வீராங்கனை ஒருவர் ஓடத் தயாரானபோது, மற்றவர்களுக்குப் போலவே தாளம் போட்டுக் கைதட்டினார்கள். எந்த மனநிலையில் தட்டினார்கள் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. குழியருகே நின்றவன் என்ற முறையில் நன்றி சொல்கிறேன்.

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம், வேளச்சேரி நீச்சல் வளாகம், நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கம் எல்லாம் அந்தப் போட்டியையொட்டி எழுந்தவை, அல்லது புதுப்பொலிவு பெற்றவை. 1956இல் இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்த பழைய மாநகராட்சி மைதானம் 1993இலேயே நேரு விளையாட்டரங்கமாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. 2025இல் ஜூனியர் ஆடவர் உலகக் கோப்பைக்கு 24 ஹாக்கி அணிகள் சென்னைக்கும் மதுரைக்கும் வந்தபோது, எழும்பூர் அரங்கில் இளைஞர்கள் ஆடியதை நான் பார்த்தேன். அங்கே சாரம் கட்டியவர்களும் கலவை சுமந்த பெண்களும் எந்த ஊரிலிருந்து வந்தவர்களோ! ஆட்டம் முடிந்ததும் மாடங்களைக் கூட்டிப் பெருக்கிய மாநகராட்சித் தொழிலாளர்களுக்கு, அன்றைக்கும் இன்றைக்கும் சேர்த்து, என் வணக்கம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மணல் வாரிய மாணவர்களே, இப்போது நீங்கள் நாற்பதைத் தாண்டியிருப்பீர்கள். உங்களோடு எடுத்த குழுப் புகைப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓரம் மட்டும் கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது. பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன். நேரு விளையாட்டரங்கில் பள்ளிகளுக்கான தடகளப் போட்டி நடக்கும் நாள்களில் நீளம் தாண்டுதல் குழிக்குப் பக்கத்தில் என்னைப் பார்க்கலாம். நடுவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், ஆகவே பேச நேரம் நிறைய உண்டு. குடும்பத்தோடு வாருங்கள். டீ என் செலவு.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை