சர்வருக்கு ஒரு பூட்டு கொடுங்கள்

மரபணு வரிசைத் தேடல் கருவியைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு ஆய்வகம் ஒன்றில் உங்கள் கருவியை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். கோடைதோறும் ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வரும் மாணவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். கருப்புத் திரையைக் கண்டு மிரளும் பிள்ளைகளுக்கு, ஒரே வரியில் விடை வந்து நிற்பதைப் பார்த்ததும் பயம் விட்டுப்போகும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கருவியை சர்வராக ஓடவிட்டால், அதன் போர்ட் எண், அதாவது நெட்வொர்க்கில் அதை அடையும் வாசல் எண், தெரிந்த யாரும் அதில் தேடலாம். அதை நிறுத்தவும் செய்யலாம். போன மே மாதம் பக்கத்து அறை மாணவர் தன்னுடையது என்று நினைத்து எங்கள் சர்வரை நிறுத்திவிட்டார். மூன்று நாள் ஓடிய வேலை போனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீ யார் என்று கேட்க சர்வருக்கு வழியே இல்லை. அதைவிட உறுத்துவது, இன்னும் வெளியிடாத எங்கள் தரவு நெட்வொர்க் முழுக்கத் திறந்து கிடந்ததுதான்.

சர்வருக்கு ஒரு டோக்கன், அதாவது அனுமதி உள்ளவர் மட்டும் காட்டும் ரகசியக் குறியீடு, வையுங்கள். ஆனால் கட்டாயமாக்காதீர்கள். உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்ட உதவும் ஜூபிட்டர் நோட்புக், 2016 இறுதியில் வந்த 4.3 பதிப்பிலிருந்து டோக்கனைத் தானாகவே கேட்கிறது. அங்கே அது சரி, நோட்புக்குக்குள் நுழைந்தவர் அந்தக் கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்டிவிடலாம். நம் கருவியை சொந்த லேப்டாப்பில், லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது அந்தக் கணினிக்குள்ளேயே, ஓட்டும் மாணவருக்கு அந்தச் சுமை வேண்டாம். வெளி நெட்வொர்க்குக்குத் திறக்கும்போது டோக்கன் இல்லையென்றால் ஓர் எச்சரிக்கையாவது வரட்டும்.

டோக்கனைக் கட்டளை வரியில் எழுத வைக்காதீர்கள். பலர் புழங்கும் கணினியில் யாராவது ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை அடித்தாலே பெரும்பாலும் அது தெரிந்துவிடும். அடித்த கட்டளைகளைச் சேமித்துவைக்கும் ஷெல் ஹிஸ்டரியிலும் தங்கிவிடும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் க்ரான், இரவு இரண்டு மணிக்கு ஓட்டும் வேலையிடம் பாஸ்வேர்டு கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்காது. உரியவர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி வைத்த கோப்பிலிருந்து எடுப்பதே நல்லது. நாசாவின் புவித் தரவுத் தளமான எர்த்டேட்டாவிலிருந்து தரவு இறக்குபவர்களுக்கு, பாஸ்வேர்டை இப்படி வைக்கும் நெட்ஆர்சி கோப்பு ஏற்கெனவே பழக்கம்தான். டிஎல்எஸ் குறியாக்கம் இல்லாமல் டோக்கனை அனுப்பவும் விடாதீர்கள். பேஸ்64 முறையில் மாற்றி அனுப்பினாலும் போதாது, அது எழுத்தை மாற்றுகிறதே தவிர எதையும் மறைப்பதில்லை. சர்வர் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டால் டோக்கன் கூடவே போகக் கூடாது. இணையத்திலிருந்து தரவு இறக்கும் கர்ல் கருவியிலேயே இந்த ஓட்டை இருந்து, 2018 ஜனவரியில் 7.58.0 பதிப்பில்தான் அடைத்தார்கள்.

அப்புறம், அனுமதி கிடைக்காவிட்டால் கருவி அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேறொரு கருவி, உள்நுழைவுப் பக்கத்தின் எச்டிஎம்எல்லை அப்படியே முடிவுக் கோப்பில் எழுதிவைத்தது. எங்கள் மாணவி ஒருத்தி இரண்டு நாள் தன் தரவில் பிழை தேடி, கடைசியில் அழுதேவிட்டாள். அனுமதி இல்லை என்று சர்வர் சொல்லும் 401 வந்தால் கோப்பைத் தொடாமல், பிழைச் செய்தியோடு, தோல்வியைக் காட்டும் பூஜ்ஜியம் அல்லாத குறியீட்டைத் தந்து நின்றுவிடட்டும்.

இதற்கான முதல் பேட்சை, அதாவது நிரல் திருத்தத்தை, நானே எழுதித் தருகிறேன். சோதித்துப் பார்க்க எங்களிடம் இரண்டு சர்வர்கள் இருக்கின்றன. அடுத்த கோடைப் பிள்ளைகள் ஏப்ரலில் வந்துவிடுவார்கள்.

அன்புடன்,
பெங்களூருவிலிருந்து உங்கள் பயனர்