கடை அண்ணன் நினைவாக ஒரு கருவி அறை: நன்கொடை வேண்டுகோள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை மக்களுக்கும், இங்கிருந்து வெளியூர் போன பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் ஹார்டுவேர் கடை அண்ணன் தவறி மூன்று மாதம் ஆகிறது. கடை அவருடையது இல்லை. வாலிப வயதில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தவர், கடைசி வரை அதே கவுண்ட்டரில் நின்றார். ஆனாலும் "அண்ணன் கடை" என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

அடிபம்பில் தண்ணி வரவில்லை, புதுசாகவே மாற்றிவிடலாம் என்று போனவரிடம் தோல் வாஷர் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "ராத்திரி ஊறப் போட்டு காலையில மாட்டிப் பாரு, அப்புறம் புதுசு வாங்கலாம்" என்று அனுப்பியவர். நாலு நூல் போல்ட்டுக்கு 12 எம்எம் நட்டு கேட்கும் ஐடிஐ பையனிடம், "நாலு நூல்னா அரை இஞ்ச் தம்பி, 12.7 எம்எம். மரையே வேற, ஏறாது" என்று இரண்டையும் கையில் வைத்துத் திருகிக் காட்டுவார். நம் பகுதியில் இன்று பிளம்பிங், எலக்ட்ரிக்கல் வேலை செய்கிற பலருக்கு அந்தக் கவுண்ட்டர்தான் முதல் பள்ளிக்கூடம்.

ஞாயிறு மட்டும் அவரை யாரும் பிடிக்க முடியாது. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் வாங்கி வந்து தானே ஆய்ந்து கொடுப்பார். மகள்கள் இருவரோடும் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் போனையே எடுப்பார்.

கவுண்ட்டருக்கு அடியில் ஒரு காக்கிப் பை வைத்திருந்தார். பைப் ரெஞ்ச், ஹேக்ஸா, டெஸ்டர், ரசமட்டம், எல்லாம் சொந்தக் காசில் வாங்கியவை. கருவி வாங்க வழியில்லாத கூலி ஆட்களுக்கு இரவல் கொடுக்கத்தான் அந்தப் பை. வாடகைக்கு எடுத்தால் அன்றைய கூலியில் ஒரு பங்கு அதற்கே போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவெல்லாம் தண்ணி நின்றபோது, முதலாளியிடம் கேட்டு ஓஸ் பைப்புகளை வீடு வீடாகக் கொடுத்து அனுப்பினார்.

அண்ணி எங்களிடம் சொன்னது இதுதான்: "எங்களுக்குக் காசு வேணாம். பேனரும் வேணாம். அந்தப் பை சும்மா கிடக்கக் கூடாது." பையைக் கொடுத்தும் விட்டார். அதை வைத்துத்தான் கருவிகளை இரவல் கொடுக்கும் இந்த அறையைத் தொடங்குகிறோம். கடை முதலாளி குடோனை ஒட்டிய அறையை வாடகை இல்லாமல் தந்திருக்கிறார்.

ஹேமர் டிரில், ஆங்கிள் கிரைண்டர், பைப் டை செட், மடக்கு ஏணி, அலமாரி எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் ஆகும். வெள்ளம் வந்தால் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள் என்பதால் பெட்ரோல் பம்ப்செட் ஒன்றும் இதில் அடக்கம். 64,000 ரூபாய் கைக்கு வந்துவிட்டது. மீதி 1,16,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம். நூறு ரூபாயானாலும் தயங்காமல் கொடுங்கள். ஓடுகிற நிலையில் உள்ள பழைய கருவிகளையும் நன்கொடையாக ஏற்றுக்கொள்கிறோம்.

பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் எந்தக் கருவியும் மூன்று நாளைக்கு இலவசம். கிரைண்டர் மட்டும் கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியும் சக்கரத்தை மறைக்கும் தடுப்பு மூடியும் இல்லாமல் வெளியே போகாது. அதில் அண்ணனும் விட்டுக்கொடுத்ததில்லை.

நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை இல்லை, எனவே நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு மாதாமாதம் அறை வாசலில் ஒட்டப்படும். பணத்தைக் கடையிலேயே கட்டலாம். ஐப்பசி மழைக்கு முன் பம்ப்செட்டை வாங்கியாக வேண்டும், அதற்குள் கொடுத்து உதவுங்கள்.

இப்படிக்கு,
கருவி அறைக் குழுவினர்