மினாராவுக்கு எதிராக நான் போட்ட வாக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதம் ஒன்றை இணையத்தில் படித்தேன். "சுவிஸ்காரன் கெட்டிக்காரன், பள்ளிவாசலையும் முக்காட்டையும் சட்டம் போட்டே நிறுத்திவிட்டான், நாங்களும் அதைப் பார்த்துப் படிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். நான் 40 வருடமாக அந்தச் சுவிஸில்தான் இருக்கிறேன். அவர் பாராட்டுகிற சட்டத்துக்கு 'ஆம்' என்று வாக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் இதில் எனக்கும் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். இங்கே பள்ளிவாசலுக்குத் தடை இல்லை. தலையில் முக்காடு போடவும் தடை இல்லை. தடை இருப்பது இரண்டுக்கு: புதிதாக மினாரா (பள்ளிவாசல் கோபுரம்) கட்டுவதற்கு, பொது இடத்தில் முகத்தை மூடுவதற்கு.

நான் குடியிருப்பது ஓல்ரனில். ரயில் மாறுகிற ஊர் என்றால் சுவிஸ் தமிழர் எல்லோருக்கும் விளங்கும். பக்கத்து ஊர் வாங்கன். அங்கே துருக்கியர் சங்கம் ஒன்று, தன் கட்டடத்தின் கூரைமேல் ஆறு மீற்றரில் ஒரு மினாரா வைக்க 2005 இல் அனுமதி கேட்டது. ஊரார் எதிர்த்தார்கள். வழக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம்வரை போய், சங்கம் வென்று, 2009 தொடக்கத்தில் மினாரா ஏறியது. ஆறு மீற்றர் என்றால் எங்கள் வளவுத் தென்னையில் பாதிகூட வராது. அதிலிருந்து பாங்கும் சொல்வதில்லை. அதைச் சேர்த்தாலும் நாடு முழுக்க அப்போது இருந்தவை நான்கே மினாராக்கள். முதலாவது 1963 இல் சூரிச்சில் கட்டியது. அதற்கு நேரெதிரே ஒரு தேவாலயம் இருக்கிறது. அந்த வழியால் டிராமில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன், அது மினாரா என்று கவனித்ததே இல்லை.

புதிய மினாராக்களைத் தடை செய்யலாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்தார்கள். 'ஆம்' கேட்டு 2009 இலையுதிர் காலத்தில் அந்தச் சுவரொட்டி வந்தது. சுவிஸ் கொடி விரித்துக் கிடக்கிறது. அதைக் குத்திக்கொண்டு கறுப்பு மினாராக்கள் ஏவுகணை மாதிரி நிற்கின்றன. முன்னால் கண் மட்டும் தெரிகிற கறுப்பு உடுப்பில் ஒரு பெண். பாசல், லொசான் போன்ற சில நகரங்கள் அதை ஒட்ட விடவில்லை. சூரிச் விட்டது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அது என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு அப்போது பிரஜாவுரிமை கிடைத்து ஐந்து வருடம். இங்கே வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும், நிரப்பித் திருப்பி அனுப்பலாம். ஒருநாள் இரவு வேலை முடிந்து வந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் 'ஆம்' என்று எழுதி உறையை ஒட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏன் எழுதினேன் என்று கேட்டால் நேரான பதில் என்னிடம் இல்லை. சுவிஸ்காரன் மாதிரி ஒரு வாக்குப் போட வேண்டும் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கும்.

இனி, நான் வேலை செய்த குசினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே பொஸ்னியாக்காரர் ஒருவர் இருந்தார். என்னைப் போலவே அகதியாக வந்து, என்னைப் போலவே கோப்பை கழுவத் தொடங்கியவர். 1993 இல் சேர்ந்தார். மஞ்சள் தலைமயிர், நீலக் கண். பன்றி இறைச்சியை மற்றவர்களுக்கு நேர்த்தியாக வெட்டிக் கொடுப்பார், தான் தொடமாட்டார். சில வருடம் நோன்பு பிடிப்பார், சில வருடம் பிடிக்கமாட்டார். 1995 யூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000 க்கு மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் கொன்றபோது, அதில் அவருடைய தாய்மாமனும் ஒருவர். இதை ஒரேயொரு தடவை, வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னார். 1998 இல் என் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது நான் போக முடியவில்லை. நான்கு நாள் என் வேலையையும் சேர்த்து அவர்தான் செய்தார்.

சுவரொட்டியைப் பார்த்தபோதும், 'ஆம்' என்று எழுதியபோதும் இந்த மனிதர் என் நினைவுக்கு வரவே இல்லை. நான் அவரை முஸ்லிமாகவே எண்ணவில்லை போலிருக்கிறது. முஸ்லிம் என்றால் அந்தச் சுவரொட்டிப் பெண். ஆனால் அன்று சுவிஸில் இருந்த ஏறத்தாழ 4 இலட்சம் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பொஸ்னியா, கொசோவோ, மசிடோனியா, துருக்கி ஆட்கள். என் நண்பரைப் போலக் குசினியிலும் கட்டட வேலையிலும் நின்றவர்கள்.

நவம்பர் 29 முடிவு வந்தது. 57.5 வீதம் 'ஆம்'. தடை தோற்கும் என்றுதான் கருத்துக்கணிப்புகள் எல்லாம் சொல்லியிருந்தன. எங்கள் மாநிலமும் 'ஆம்'. மினாரா ஒன்று ஏற்கெனவே நிற்கிற ஜெனீவா 'இல்லை' என்றது. இப்போது அது அரசியலமைப்பின் 72ஆவது உறுப்புரையில் ஒரு வரியாக இருக்கிறது. (லொசானுக்குப் பக்கத்தில் முஸ்லிம் அல்லாத ஒரு சப்பாத்து வியாபாரி, கோபத்தில் தன் கட்டடத்துப் புகைபோக்கியை மினாரா மாதிரி உயர்த்திக் கட்டினார். சிரிப்பாக இருந்தது. எனக்கு அந்தத் தைரியம் வராது.)

மறுநாள் குசினியில் பொஸ்னியாக்காரர் கேட்டார்: "நீ வாக்குப் போட்டாயா? எனக்குத்தான் இன்னும் உரிமை இல்லை."

"இல்லை, மறந்துபோனேன்" என்றேன்.

"பரவாயில்லை, உன் ஒரு வாக்கால் என்ன வரப்போகிறது" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. மகளுக்கு அப்போது 17 வயது, வாக்கு இல்லை. "அப்பா, நீங்கள் என்ன போட்டனீங்கள்?" என்று கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் படித்த ஒன்றைச் சொன்னாள். இந்த நாட்டில் மக்கள் கையெழுத்துச் சேர்த்து முன்வைத்த முதல் சட்டத்துக்கான வாக்கெடுப்பு 1893 இல் நடந்ததாம். அது யூதர் முறையில் ஆடுமாடு அறுப்பதைத் தடுக்கிற சட்டம். மிருகங்கள்மேல் இரக்கம் என்றுதான் வெளியில் சொன்னார்களாம். அதுவும் வென்றது. "உங்களுடைய லெதர் ஜக்கெற் கதையை மறந்துபோனீங்களா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

லெதர் ஜக்கெற் கதை இதுதான். நான் 1985 இல் வந்தேன், 22 வயது. எண்பதுகளில் சுவிஸ் பத்திரிகைகளில் தமிழன் என்றால் லெதர் ஜக்கெற் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்று ஹெரோயின் விற்கிறவன். எனக்கும் ஒரு ஜக்கெற் இருந்தது. ஒரு தேவாலயத்தில் பழைய உடுப்புப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தது, இடது கையில் தையல் விட்டது. ஜனவரிக் குளிருக்கு வேறு என்னத்தைப் போடுவது? ஒரு ரயில் நிலையத்தில் போலீஸ்காரர் இருவர் என்னைச் சுவரோடு நிறுத்தி, அந்த ஜக்கெற்றின் உள்துணியைக் கிழித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கிழித்ததைத் தைத்துத் தரவும் இல்லை. சுற்றி நின்ற சனம் பார்த்த பார்வையைத்தான் மகள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். இப்போது எங்களை நல்ல வேலைக்காரர், அமைதியானவர் என்கிறார்கள். திரிம்பாக்கில் அம்மன் கோயில் எழும்பியிருக்கிறது, தேருக்குச் சுவிஸ்காரர் வந்து படம் எடுக்கிறார்கள். வாங்கனிலிருந்து திரிம்பாக்குக்குப் பஸ்ஸில் போய்விடலாம். அவ்வளவு தூரம்தான்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும், யாழ்ப்பாணத்துப் பத்திரிகைக்கு எழுதுவதால். எங்கள் வீடு கொட்டடியில். நான் வெளிக்கிட முதல் இரண்டு நீளக் காற்சட்டை தைத்துத் தந்தவர் சோனகத் தெருத் தையற்காரக் காக்கா. "குளிர் நாடு தம்பி, உள்ளுக்குத் துணி வைத்துத் தைக்கிறேன்" என்று சொல்லிக் கூலி கூடக் கேட்காமல் தைத்தார். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற விடுதலைப் புலிகள் இயக்கம் கொடுத்தது இரண்டு மணி நேரம். வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். தையல் மெசினை எங்கள் விறாந்தையில் வைத்துவிட்டு, "திரும்பி வந்து எடுக்கிறேன்" என்று அப்பாவிடம் சொல்லிப் போனாராம். ஐந்து வருடம் கழித்து அதே ஒக்டோபர் 30 இல் அப்பாவும் ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தார். திரும்பி வந்தபோது மெசின் இல்லை. இதை ஊழ்வினை என்று சொல்லுகிற ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு மெசினைப் பற்றித்தான் கவலை.

உங்கள் வாசகர் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதலையும் குறிப்பிட்டிருந்தார். சரி, அது நடந்தது. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் செத்த பிள்ளைகளை எங்களில் யாரும் மறக்க முடியாது. பாரிஸ், லண்டன், மாட்ரிட் எல்லாம் நடந்தவைதான், பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குண்டுகளுக்கும் வாங்கன் கூரையில் நிற்கிற ஆறு மீற்றருக்கும் என்ன தொடர்பு என்று அவர் எழுதவில்லை. அப்பாவிடம் மெசினைக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு என்ன தொடர்பு என்றும் எழுதவில்லை.

2021 மார்ச்சில் முகம் மூடுவதற்கான தடை வாக்கெடுப்புக்கு வந்தது. மினாராத் தடையைக் கொண்டுவந்த அதே குழு. அவர்களுடைய பெயரில் இருக்கிற எகர்கிங்கன் என்கிற ஊரும் எங்களுக்குக் கிட்டத்தான். நாடு முழுக்க முகத்தை மூடுகிற பெண்கள் 20 முதல் 30 பேர்வரை இருக்கலாம் என்று லுசேர்ன் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. கொரோனாக் காலம், மாஸ்க் இல்லாமல் ரயிலில் ஏற முடியாது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு போய், முகத்தை மூடக் கூடாது என்று சனம் வாக்குப் போட்டது. 51.2 வீதம். 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, 1,000 பிராங்வரை அபராதம். இந்தத் தடவை நான் 'இல்லை' என்று எழுதினேன். மேசையில் ஒழுங்காக இருந்து, கண்ணாடி போட்டு, இரண்டு தரம் வாசித்துத்தான் எழுதினேன்.

இப்போது எனக்கும் பென்ஷன், பொஸ்னியாக்காரருக்கும் பென்ஷன். மாதத்தில் ஒரு புதன்கிழமை ஆரே ஆற்றங்கரையில் சந்தித்துக் கோப்பி குடிக்கிறோம். 2009 இல் நான் மறக்கவில்லை, 'ஆம்' என்றுதான் எழுதினேன் என்பதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு புதனும் சொல்ல நினைத்துப் போகிறேன், அவர் பேரப்பிள்ளைகளின் படத்தை எடுத்துக் காட்டத் தொடங்கிவிடுவார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவும் எழுத முடிந்தது. ஆனால் என் பெயரைப் போட வேண்டாம். இங்குள்ள தமிழ்ப் பொடியன்கள் யாராவது அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல முதல், நானே சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமையற்காரர் ஒருவர்,
ஓல்ரன், சுவிற்சர்லாந்து.