நீஸ் ஒரே நாளில் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், இங்கிலாந்திலிருந்து பிரான்ஸ் வழியாகக் காரில் போய்வருவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் எழுதியவர் பின்சீட்டில் உட்கார்ந்து போனவர் என்று அடித்துச் சொல்வேன். எட்டு நாளில் பதினோரு ஊர் பார்த்திருக்கிறார். ஸ்டியரிங் பிடித்தவர் எங்கே சாப்பிட்டார், எப்போது தூங்கினார் என்று ஒரு வரி இல்லை.

நான் டூரிஸ்ட் வேன் ஓட்டிப் பிழைத்தவன். மதுரை டவுன்ஹால் ரோடு லாட்ஜுகளில் தங்குகிற வடநாட்டு யாத்ரீகர்களும் வெள்ளைக்காரர்களும்தான் என் குடும்பத்துக்குச் சோறு போட்டார்கள். வண்டியை விற்றுவிட்டு இப்போது பசுமலையில் இருக்கிறேன். மகளும் மாப்பிள்ளையும் பர்மிங்காமில். வருகிற ஜூனில் நானும் வீட்டுக்காரியும் அங்கே போய், பேத்தியையும் சேர்த்துக்கொண்டு, மாப்பிள்ளையின் காரிலேயே பிரான்சின் தென்கோடி வரை இறங்கித் திரும்புவதாக ஏற்பாடு. அதனால் உங்கள் கட்டுரையைப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து படித்தேன்.

'காலையில் கலே துறைமுகத்தில் இறங்கினால் இரவுச் சாப்பாடு நீஸ் கடற்கரையில்' என்று போட்டிருக்கிறார்கள். பிரான்சின் வடக்குக் கரையிலிருக்கிற கலேயிலிருந்து தெற்குக் கரை நீஸ் சுமார் 1,220 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னை போய்த் திரும்பி, வீட்டுக்குள் நுழையாமல் மறுபடி விழுப்புரம் வரை போகிற தூரம். ரோடு நல்ல ரோடுதான், மறுக்கவில்லை. அங்கே விரைவுச்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகலாம். மழை பெய்தால் 110தான். மாப்பிள்ளையும் முதலில் இதே கணக்கைத்தான் சொன்னார். "மாமா, கூகுள்ல பன்னெண்டு மணி நேரம்தான் காட்டுது." நான் சொன்னேன்: "கூகுளுக்கு ஒண்ணுக்கு வராது மாப்பிள்ளை, எனக்கு வரும்."

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை ஓரங்கட்டச் சொல்வது பிரான்ஸ் சாலைப் பாதுகாப்புக்காரர்களின் பாடம். அதற்கு வசதியும் செய்து வைத்திருக்கிறார்கள். விரைவுச்சாலையில் பதினைந்து, இருபது கிலோமீட்டருக்கு ஒன்று என்கிற மாதிரி நிறுத்துமிடம் வரும். சிலவற்றில் மரத்தடி மேசையும் கழிப்பறையும் மட்டும்; சிலவற்றில் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை எல்லாம் இருக்கும். நிறுத்தம், சாப்பாடு, பெட்ரோல், பேத்தி எல்லாவற்றையும் சேர்த்தால் அந்தப் பன்னிரண்டு பதினைந்தாகிவிடும். பர்மிங்காமிலிருந்து கடற்கரைக்கு வரவே 300 கிலோமீட்டர் என்பது தனிக் கணக்கு.

பிரெஞ்சுக்காரர்களை நான் தேக்கடிக்கு ஏற்றிப் போயிருக்கிறேன். உசிலம்பட்டியில் ஒரு டீ, தேனியில் ஒரு நடை, கம்பம் தாண்டி திராட்சைத் தோட்டத்தில் கொஞ்ச நேரம் என்று அவர்களே நிறுத்தச் சொல்வார்கள். நம் ஆட்கள் அப்படியில்லை. ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி மூன்றையும் ஒரே நாளில் முடித்து ராத்திரியே மதுரை வந்துவிட வேண்டும் என்பார்கள். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். மூன்றாவது ஊரில் வண்டிக்குள் எல்லோரும் உறக்கத்தில் இருப்பார்கள், ஓட்டுகிறவன் மட்டும் கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பான். உங்கள் கட்டுரை அந்த ரகம்.

ஜூன் மாதத்தில் வட பிரான்சில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். வெளிச்சம் இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றும். உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. போதாததற்கு இங்கிலாந்தை விட பிரான்ஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இறங்குகிற நாளே ஒரு மணி நேரம் கையை விட்டுப் போய்விடும். சின்ன ஊர்களில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிட்டால் அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் பற்றவைப்பார்கள்.

இனி முக்கியமான விஷயம். அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். இங்கிலாந்து வண்டிக்கு நம் வண்டி மாதிரியே ஸ்டியரிங் வலது பக்கம். அதாவது ஓட்டுகிறவர் ரோட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், இடது சீட்டில் இருப்பவர்தான் ரோட்டின் நடுப்பக்கம். இருவழிச் சாலையில் முன்னால் ஒரு லாரி போனால் எதிரே வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, இடது சீட்டுக்குத்தான் தெரியும். டோல்கேட்டிலும் அதே கதை. டிக்கெட் கொடுக்கிற இயந்திரம் இடது ஜன்னல் பக்கம் நிற்கும். உள்ளே நுழைகிற இடத்தில் சீட்டை இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும், வெளியேறுகிற இடத்தில் அதைச் செருகிக் காசு கட்ட வேண்டும். சீட்டைத் தொலைத்தால் அந்தப் பாதையின் அதிகபட்சத் தூரத்துக்கும் வசூலித்துவிடுவார்கள். கலேயிலிருந்து நீஸ் வரை ஒரு வழிக்கே டோல் நூறு யூரோவை ஒட்டி வரும். விளையாட்டுக் காசு இல்லை.

ஆக, அந்த இடது சீட்டில் உட்காருகிறவர் நம்மூர் லாரி கிளீனர். சீட்டு எடுப்பது, காசு கட்டுவது, "வரலாம்... வரலாம்... வேணாம், பின்னாடியே போ" என்று சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் தூங்கக்கூடாது, போனைப் பார்க்கக்கூடாது. எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு நான் மனுப் போட்டிருக்கிறேன். மகள் போட்டிக்கு வந்தாள். அவள் கார் ஏறிய அரை மணியில் தலை சாய்ப்பவள் என்பதை அவள் அம்மாவே சாட்சி சொல்லிவிட்டாள். மாற்றி ஓட்ட ஆள் வேண்டுமே என்று, பழைய லைசென்சைக் காட்டி ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கப் போகிறேன். 4ஏ என்று ஒரு படிவம், ஆயிரம் ரூபாய் கட்டணம், ஓராண்டு செல்லும். மாப்பிள்ளையின் இன்சூரன்சில் என் பெயரைச் சேர்த்தால்தான் நான் ஸ்டியரிங்கைத் தொட முடியும். அதை அவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஆர்வம் குறைவாகத்தான் தெரிகிறது.

இன்னொன்று. போர்டு எதுவும் இல்லாத சந்தியில் வலது பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது அங்கே சட்டம். சின்னச் சந்திலிருந்து வந்தாலும் அவனுக்குத்தான் முன்னுரிமை. மூக்கை முதலில் நீட்டியவனுக்கே வழி என்று சிம்மக்கல்லில் பழகியவர்கள் இதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போக வேண்டும்.

கடலைத் தாண்ட இரண்டு வழி. இங்கிலாந்துப் பக்கம் ஃபோக்ஸ்டனில் காரையே ரயிலுக்குள் ஏற்றிவிட்டால் 35 நிமிடத்தில் கலே. 1994-இல் திறந்த சுரங்கம், மொத்தம் 50 கிலோமீட்டர், அதில் 38 கடலுக்கு அடியில். இதை மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னதுதான் தாமதம், வீட்டுக்காரி வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கட்டுரையில் கப்பலை நேர விரயம் என்று ஒரே வார்த்தையில் தள்ளியிருக்கிறார்கள். டோவரில் கப்பல் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் ஓட்டுகிறவர் கால் நீட்டிச் சாப்பிடலாம். நான் கப்பலுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். வீட்டுக்காரியின் பயத்துக்காக என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சாப்பாட்டு மூட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சனம் கட்டாமல் கிளம்பாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகு, அங்கிருந்து பிரான்சுக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. அதாவது தயிர்ச்சோறு கிடையாது. நெய் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கிடையாது. கோழி வறுவலைப் பற்றிப் பேச்சே வேண்டாம். புளியோதரையும் பருப்புப் பொடியும் போதும். பழம், காய்க்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. வாழைப்பழமும் தேங்காயும் போகலாம் என்றதும் வீட்டுக்காரிக்குப் பாதித் தைரியம் வந்துவிட்டது. தயிரை அந்த ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், பாலுக்குப் பஞ்சமில்லாத நாடு.

விசாவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை, இது பெரிய குறை. இங்கிலாந்து விசா பிரான்சுக்குச் செல்லாது. பிரான்சும் பக்கத்து ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து கொடுக்கிற ஷெங்கன் விசா தனியாக வேண்டும். இங்கிருந்து சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் சென்னைக்குப் போய் விண்ணப்பமும் கைரேகையும் கொடுத்து வாங்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டும். லண்டன் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது. கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அங்கே வருடக்கணக்கில் குடியிருந்தாலும் கையில் இந்திய பாஸ்போர்ட் என்றால் அவர்களுக்கும் ஷெங்கன் விசா வேண்டும், என் மகளையும் சேர்த்து. வண்டிக்கு அசல் பதிவுப் புத்தகம், இன்சூரன்ஸ், பின்னால் 'யு.கே.' ஸ்டிக்கர், முக்கோணப் பலகை, பளபளக்கும் ஜாக்கெட். ஜாக்கெட்டை டிக்கியில் போட்டுப் பூட்டினால் பயனில்லை. வண்டி நின்றால் இறங்குவதற்கு முன்பே மாட்ட வேண்டும், அதனால் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காமலிருக்க ஒரு ஒட்டுவில்லை இருக்கிறது, அதையும் வாங்கிவிட வேண்டும்.

எங்கள் டிரிப் ஷீட் இப்போது இப்படி நிற்கிறது. முதல் ராத்திரி ஆராஸ். கலேயிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். வழியில் நவ் ஷாப்பெல் என்ற கிராமத்தில் முதல் உலகப் போரில் செத்து, கல்லறைகூட அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர் பொறித்த நினைவிடம் இருக்கிறது. 1927-இல் திறந்தது. அங்கே அசோகர் தூண் பாணியில் ஒரு தூண். இவ்வளவு பக்கத்தில் போகிற இந்தியர்களுக்கு ஈபிள் கோபுரத்தை மட்டும் காட்டுகிற கட்டுரையை என்னவென்று சொல்வது? மறுநாள் ரெய்ம்ஸ் வழியாக டிஜோன். அந்தக் காலத்து ராஜாக்கள் முடிசூட்டிக்கொண்ட பேராலயம் ரெய்ம்ஸில் இருக்கிறது. அன்றைய ஓட்டம் மதுரை–சென்னை தூரம். அதற்கு மேல் ஒரு நாளில் ஓட்டுவதில்லை என்று மாப்பிள்ளையிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் லியோனைத் தொட்டுக்கொண்டு அவிஞ்ஞோன். அங்கே மூன்று ராத்திரி, சூட்கேஸைத் திறந்து துணி துவைத்துக் காயப்போடுகிற மாதிரி.

பக்கத்திலேயே போன் டு கார் என்று ரோமானியர் கட்டிய தண்ணீர்ப் பாலம். மூன்று அடுக்கு, 49 மீட்டர் உயரம், நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனது. பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக் படத்தை வீட்டில் மாட்டியிருக்கிற கம்பம் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நீஸை வெட்டிவிட்டோம். மகளுக்கு வருத்தம்தான். கடல் பார்க்க வேண்டுமென்றால் அவிஞ்ஞோனிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மத்தியதரைக் கடல் வந்துவிடுகிறது. திரும்பும்போது மியோ வழி. அங்கே பள்ளத்தாக்கின் மேல் 2004-இல் திறந்த பாலத்தின் உச்சி 343 மீட்டர். பாலத்துக்கு மட்டும் காசு, அந்த ஏ75 சாலையில் கிளெர்மோன் வரை வேறு டோல் இல்லை. அதைச் சொன்னதும் மாப்பிள்ளை உடனே சம்மதித்துவிட்டார். அப்புறம் ஓர்லியான், ருவான், கலே. பாரிசுக்குள் காரை விடவில்லை. லண்டனிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரம், இன்னொரு நாள் போய் பாரிசின் லா ஷாப்பெல் பகுதியில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, தமிழ்க் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ஆகஸ்டில் போகச் சொல்லியிருக்கிறீர்கள். ஜூலை கடைசியும் ஆகஸ்ட் முதலும் சேர்கிற சனிக்கிழமை பிரான்சே தெற்கு நோக்கிக் கிளம்பும். 'பிசோன் ஃப்யூத்தே' என்று அரசாங்கமே நெரிசல் நாள்காட்டி போடுகிறது. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நாளுக்கு நிறம். கறுப்பு நாளில் கிளம்புகிறவர் உங்கள் பதினோரு ஊரில் நான்கைப் பார்த்தால் பெரிது.

அடுத்த இணைப்பில் சுவிட்சர்லாந்து என்று அறிவிப்புப் போட்டிருக்கிறீர்கள். அங்கே டோல்கேட் கிடையாது. விரைவுச்சாலையில் ஏற 40 பிராங்க் கொடுத்து ஆண்டுக்கான வில்லை வாங்க வேண்டும், ஒரே நாள் போனாலும் அதே விலை. கட்டுரையாளரிடம் இதையாவது மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டரும் மணிக்கணக்கும் ஓரமாக ஒரு கட்டத்தில் போட்டால் போதும், மலைப் படம் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வேன் ஓட்டி ஓய்ந்த வாசகர்,
பசுமலை, மதுரை.