தண்டுவடம் அடிபட்டவரைப் படுக்கவைத்துக் காத்திருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனை, தென்னையிலிருந்து விழுந்தவர்கள், பழைய வீடு பிரிக்கும்போது கூரையிலிருந்து தவறியவர்கள் என முதுகுத்தண்டு முறிந்து வருபவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குறைவில்லை. மதுரையிலோ சிவகங்கையிலோ ஆபரேஷன் முடிந்து வீடு வந்ததும், "நரம்பு தானாகத் துளிர்க்கட்டும்" என்று படுக்கவைத்துவிடுகிறார்கள். நல்ல காலமெல்லாம் அதிலேயே கழிந்துவிடுகிறது.

கை, கால் நரம்பு அறுபட்டால் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். முதுகுத்தண்டுக்குள் ஓடும் தண்டுவடத்தின் நரம்பு இழைகள் அப்படி வளர்வதில்லை. அடிபட்ட இடத்தில் உண்டாகும் தழும்பும், இழைகளைச் சுற்றிய உறையில் உள்ள சில புரதங்களும் தடுத்துவிடுகின்றன. அசைவு திரும்புவது அறுபடாமல் தப்பிய இழைகளால்தான். வீக்கம் வடிந்ததும் அவை மறுபடி வேலை செய்யும். கிளைவிட்டுப் புது இணைப்பும் போடும். திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்தால்தான் அந்த இணைப்பு நிலைக்கும். முதல் 3 முதல் 6 மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகும் ஒன்றரை ஆண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும், மெதுவாகத் தொடரும்.

இழை ஏதும் தப்பியிருக்கிறதா என்பதை மருத்துவர் ஆசனவாயில் சோதிப்பார். அங்கே தொடுவது தெரிந்தாலோ, இறுக்கச் சொன்னால் இறுக்க முடிந்தாலோ பாதிப்பு முழுமையானதல்ல; மீள வாய்ப்பு அதிகம். கூச்சப்பட்டு இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

முதலில் துவண்டு கிடந்த கால், சில வாரங்களில் தானாகத் துள்ளும், விறைக்கும். "கால் வந்துவிட்டது" என்று வீடே மகிழும். மூளையின் கட்டளை இல்லாமல், அடிபட்ட இடத்துக்குக் கீழுள்ள தண்டுவடமே செய்யும் வேலை அது. கால் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். சொன்னபோதெல்லாம் தூக்கினால், நிறுத்தச் சொன்னதும் நிறுத்தினால், அதுதான் மீட்சி. இருக்கும் விறைப்பு திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, புண்ணா என்று தேடுங்கள்.

பயிற்சியைக் கெடுப்பதில் முதலிடம் படுக்கைப்புண்ணுக்கு. 2 மணிக்கொரு முறை புரட்டுங்கள். சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கொரு முறை எடையை மாற்றி உட்காரச் செய்யுங்கள். பின்னிடுப்பு எலும்பு, இடுப்பின் பக்கம், குதிகால் மூன்றையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தினால் வெளுக்கவில்லை என்றால், அந்தப் பக்கம் படுக்கவைக்கவே கூடாது. பாதம் கீழ்நோக்கி இறுகிவிடாமல் கணுக்காலை 90 டிகிரியில் அண்டை கொடுத்து வையுங்கள்.

சுடு ஒத்தடமும் சூடான எண்ணெயும் உணர்ச்சி இல்லாத தோலை வேகவைத்துவிடும்; நோயாளிக்குத் தெரியவும் தெரியாது. ஒரு கால் மட்டும் வீங்கினால் உருவிவிடாதீர்கள். ரத்தக்கட்டி இருந்தால் நுரையீரலுக்கு நகர்ந்து உயிரையே பறிக்கும்.

அவ்வப்போது குழாய் விட்டுச் சிறுநீர் எடுப்பவர்கள் 4 முதல் 6 மணிக்கொரு முறை எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு 500 மி.லி. தாண்டக் கூடாது. நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரெனத் தலைவலி மண்டையைப் பிளந்து, முகம் சிவந்து வியர்த்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் வைத்திருந்தால் அது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தணியாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் வளவு வீடுகளில் கட்டுக்குக் கட்டு நிலைப்படி. சக்கர நாற்காலி ஏற 6 அங்குலப் படிக்கு 6 அடி நீளச் சாய்தளம் தேவை. அதைவிடச் செங்குத்தாக வைத்தால் நாற்காலி பின்னால் கவிழும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. தண்டுவடம் அடிபட்டவரை டிஸ்சார்ஜ் செய்யும் நாளிலேயே அவருடைய வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட்கள் சிலர்,
காரைக்குடி